மழை கொட்டியும் ஆறு ஓடாத மலைகள்: டினாரிக் தொடரின் நிலமும் உயிர்களும்

"பால்கன் மலைகளில் ஐரோப்பாவிலேயே மிக அதிக மழை பெய்யும் இடம் ஒன்று இருப்பதாகப் படித்தேன். ஆனால் நிலப்படத்தில் அட்ரியாட்டிக் கடலோர மலைகளின் மேல் ஆறுகளையே காணோம். அந்த மழையெல்லாம் எங்கே போகிறது? நீரில்லாத அந்த மலைகளில் கரடியும் ஓநாயும் எப்படி வாழ்கின்றன?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இவை இரண்டு கேள்விகள். அந்த மலைகளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விடை ஒன்றுதான். மழைநீர் போகும் வழியைத் தொடர்ந்து சென்றாலே அங்குள்ள உயிர்களையும் பார்த்துவிடலாம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பால்கன் என்பது துருக்கிய மொழியிலிருந்து வந்த சொல். பல்கேரியாவின் குறுக்கே கிழக்கு மேற்காக ஓடும் ஸ்டாரா பிளானினா தொடருக்குத்தான் அது முதலில் பெயராக இருந்தது. பின்னர் தீபகற்பம் முழுவதற்கும் அதே பெயர் பரவிவிட்டது. வாசகர் குறிப்பிடும் மலைகள் அவையல்ல. அவை டினாரிக் ஆல்ப்ஸ் எனப்படுபவை. இத்தாலியின் எல்லையருகே ஸ்லோவேனியாவில் தொடங்கி, குரோவேஷியா, போஸ்னியா, மொண்டெனேகுரோ வழியாக, செர்பியாவின் மேற்குப் பகுதியையும் தழுவிக்கொண்டு, அட்ரியாட்டிக் கரைக்கு இணையாகத் தென்கிழக்கே இறங்கி அல்பேனியாவின் வடபகுதியில் முடியும் இந்தத் தொடரின் நீளம் 600 கிலோமீட்டருக்கும் மேல். இதன் மிக உயர்ந்த சிகரமான மாயா யெசெர்ட்சே அல்பேனியாவில் 2694 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தொடருக்குப் பெயர் தந்த டினாரா மலை, குரோவேஷிய போஸ்னிய எல்லையில் உள்ளது.

இந்த உயரங்கள் ஆல்ப்ஸுக்கு முன் சிறியவைதான். இம்மலைகளின் சிறப்பு அவை ஆன பாறையில் இருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த மீசோசோயிக் காலத்தில் இந்த இடம் ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அதில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணாம்புப் படிவுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து, பல கிலோமீட்டர் தடிப்புள்ள சுண்ணாம்புப் பாறையாக இறுகின. பிறகு அட்ரியாட்டிக்கைச் சுமக்கும் புவித்தட்டு வடகிழக்காக நெருக்கியபோது, அந்தப் பாறை விரிப்பு மடிப்பு மடிப்பாக எழுந்தது. குரோவேஷியக் கடலோரத்தில் கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் தீவுகள், கடல் மட்டம் உயர்ந்தபோது நீரில் அமிழ்ந்த அத்தகைய மடிப்புகளின் முதுகுகளே.

மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடை ஈர்த்து மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. நொறுங்கியும் வளைந்தும் எழுந்த பாறையில் விரிசல்களுக்குப் பஞ்சமில்லை. நீர் அவற்றுக்குள் இறங்கி, அவற்றை அகலமாக்கி, குழாய்களாகவும் குகைகளாகவும் மாற்றிவிடுகிறது. மேற்பரப்பில் ஓடை உருவாகும் முன்பே நீர் உள்ளே போய்விடுகிறது. மொண்டெனேகுரோவின் ஓரியென் மலையில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே அமைந்த சிர்க்விட்சே என்ற சிற்றூர்தான் வாசகர் படித்த இடம். அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 4600 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. 1937இல் ஒரே ஆண்டில் 8000 மில்லிமீட்டரைத் தாண்டியது. அப்படியிருந்தும் அந்த மலைமீது ஓர் ஆறு கிடையாது. அங்கே குடியிருந்தவர்கள் கூரையில் விழும் மழையைத் தொட்டிகளில் பிடித்து வைத்துத்தான் குடித்தார்கள். பெருமழை பெய்தால் கீழே கோட்டோர் வளைகுடாவின் கரையில், ரிசான் என்ற ஊருக்கு அருகே, ஒரு பாறைச் சுவரின் நடுவிலுள்ள குகைவாயிலிருந்து சோபோட் என்னும் அருவி வெடித்துக் கொட்டும். மழை நின்ற சில நாட்களில் அந்த வாய் மீண்டும் வறண்டுவிடும். கடலுக்கடியிலேயே நன்னீர் கொப்பளித்து எழும் ஊற்றுகளும் இந்தக் கரையில் உண்டு. மீனவர்கள் அவற்றை 'வ்ரூல்யா' என்று அழைக்கிறார்கள்.

இப்படி நீர் கரைத்துக் குடைந்த சுண்ணாம்பு நிலத்துக்குப் பள்ளிப் புவியியலில் நாம் படிக்கும் 'கார்ஸ்ட்' என்ற சொல்லே இந்த மலைகளிலிருந்து வந்ததுதான். இத்தாலியின் டிரியெஸ்டே நகருக்கு மேலே, ஸ்லோவேனியாவில் உள்ள பீடபூமியின் பெயர் 'க்ராஸ்'. அதன் ஜெர்மன் வடிவம் கார்ஸ்ட். செர்பியப் புவியியலாளர் யோவான் ஸ்வியிச் வியன்னாவில் செய்த ஆய்வு 1893இல் நூலாக வெளிவந்தபோது, இந்த மலைமக்கள் அன்றாடம் பேசிய டோலினா, போல்யே, போனோர் போன்ற சொற்கள் உலகப் புவியியலின் கலைச்சொற்களாகிவிட்டன. போனோர் என்பது நீரை விழுங்கும் வாய். கிண்ணம் போன்ற உறிஞ்சு பள்ளம் டோலினா. நாற்புறமும் மலை சூழ, அடியில் தட்டையாக விரிந்து கிடக்கும் பெரிய சமவெளி போல்யே. வயல் என்பதே அதன் நேர்ப்பொருள். கல்லாகவே கிடக்கும் நாட்டில் மண் தேங்கும் இடங்கள் இந்தப் பள்ளங்கள் மட்டும்தான். அதனால் பயிர் செய்தவர்கள் அனைவரும் இவற்றின் அடியில்தான் செய்தார்கள். ஒரு வீட்டுக்கூடத்தின் அளவே உள்ள செம்மண் வட்டத்தைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, அதில் உருளைக்கிழங்கு வைத்திருப்பதை இன்றும் காணலாம்.

டோலினாவை ஒரு குழிதானே என்று கடந்துவிட முடியாது. ஸ்லோவேனியாவின் டிர்னோவ்ஸ்கி காட்டில் ஸ்ம்ரெகோவா டிராகா என்ற பெரும்பள்ளம் உள்ளது. மலையில் ஏற ஏறக் குளிர் கூடும் என்பதும், அதற்கேற்ப மரங்கள் மாறும் என்பதும் எங்கும் உள்ள வழக்கம். இந்தப் பள்ளத்தில் அது தலைகீழாக நடக்கிறது. விளிம்பில் இலையுதிர்க்கும் பீச் மரங்கள் நிற்கின்றன. சரிவில் இறங்கினால் ஊசியிலை ஸ்புரூஸ் மரங்கள் வருகின்றன. இன்னும் இறங்கினால் அவை குள்ளமாகி, அடித்தட்டில் உயர்மலை முகடுகளில் மட்டும் வளர வேண்டிய குட்டைப் பைன் புதர்களே மிஞ்சுகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. காற்றோட்டம் இல்லாத இரவுகளில் அது பள்ளத்தின் அடியில் தேங்கி, மேலே ஏறி வெளியேற வழியின்றி உறைபனியை உண்டாக்குகிறது. இதே காட்டிலுள்ள பாரதானா பனிக்குகையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பனிக்கட்டியை வெட்டி, டிரியெஸ்டே துறைமுகம் வழியாக எகிப்து வரை ஏற்றுமதி செய்தார்கள்.

போல்யேக்களில் நீரின் நடத்தை இன்னும் விசித்திரமானது. ஸ்லோவேனியாவின் செர்க்னிட்சா ஏரி, ஆண்டின் ஒரு பகுதியில் இருபது சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவி நிற்கும் நீர்ப்பரப்பு. கோடையில் அது அடியிலுள்ள வாய்கள் வழியே வடிந்து புல்வெளியாகிவிடும். மீன் பிடித்த அதே இடத்தில் சில மாதங்களில் புல் அறுப்பார்கள். குளிர்காலத்தில் அதே இடம் உறைந்தால் சறுக்கி விளையாடுவார்கள். இந்த ஏரி எப்படி நிரம்பி வடிகிறது என்று விளக்கி எழுதியதற்காகவே யானெஸ் வல்வசோர் என்ற ஸ்லோவேனிய அறிஞர் 1687இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். போஸ்னியாவின் தென்பகுதியான ஹெர்சகோவினாவின் போபோவோ போல்யேயில் ஒரு சிறு மீன் இருக்கிறது. வெள்ளக் காலத்தில் அது சமவெளியின் நீரில் மேயும். வெள்ளம் வடியும்போது நீருடன் சேர்ந்து பூமிக்குள் இறங்கி, வறண்ட மாதங்களை நிலத்தடி நீரில் கழித்துவிட்டு, அடுத்த வெள்ளத்தில் மேலே வரும். கிராமத்தார் அந்த நேரம் அறிந்து, வாய்களில் வலை கட்டிப் பிடிப்பார்கள்.

விழுங்கப்பட்ட நீர் எங்கே வெளிவருகிறது என்பதைக் கண்டறிய இந்த மலைகளில் செய்யப்படாத முயற்சி இல்லை. ஸ்லோவேனியாவில் ரேக்கா ஆறு ஷ்கோட்சியான் குகைகளுக்குள் நுழைகிறது. அங்கே அது அறுத்த நிலத்தடிப் பள்ளத்தாக்கு நூறு மீட்டருக்கும் அதிக உயரமுடையது; 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் உள்ளது. அந்த ஆறு இத்தாலியில் டிமாவோ என்ற பெயரில் கடலோரத்தில் திடீரென்று எழுகிறது. இரண்டும் ஒரே ஆறுதான் என்று நிறுவ 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாயங்களைக் கரைத்தார்கள்; குறியிட்ட விலாங்கு மீன்களைக்கூட உள்ளே விட்டு மறுமுனையில் பிடித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இருளைக் கடந்து அந்த மீன்கள் வந்து சேர்ந்தன.

அந்த இருளுக்குள்தான் டினாரிக் மலைகளின் உண்மையான செல்வம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கரடியையும் ஓநாயையும் கார்பேத்திய மலைகளிலும் பார்க்கலாம். இந்த மலைகளின் அடியில் வாழும் உயிர்க்கூட்டத்துக்கு ஈடான ஒன்றைக் காண்பது அரிது. 1831இல் ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையில் விளக்கேற்றும் பணியிலிருந்த லூக்கா செச் ஒரு வண்டைக் கண்டெடுத்தார். மெலிந்த கழுத்தும் நீண்ட கால்களும் உப்பிய வயிறும் கொண்ட, கண்ணில்லாத வண்டு அது. அடுத்த ஆண்டே அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. குகையில் மட்டுமே வாழ்வதற்கென்று அமைந்த விலங்குகள் உண்டு என்பதை அறிஞர்கள் தேடத் தொடங்கியதற்கு அந்த வண்டே காரணம். போபோவோ போல்யேயின் ஓரத்திலுள்ள வியெட்ரெனிட்சா குகை 2024இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வாயிலில் எந்நேரமும் காற்று வீசுவதால் 'காற்றுக்குகை' என்ற பொருளில் அப்பெயர் பெற்றது. அதில் 200க்கும் மேற்பட்ட விலங்கினங்கள் பதிவாகியுள்ளன. நிலத்தடி நன்னீரில் குழாய் கட்டி வாழும் புழுவும், நிலத்தடிப் பாறையில் ஒட்டி வாழும் சிப்பியும் இந்த மலைகளின் குகைகளில் உள்ளன. அவற்றின் உறவினங்களைத் தேடினால் பழங்காலக் கடல்களுக்கும் ஏரிகளுக்கும் போக வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றிலும் புகழ்பெற்றது ஓல்ம் என்னும் வாலுள்ள நீர்நிலவாழி. ஒரு சாண் முதல் முப்பது சென்டிமீட்டர் வரை நீளம்; விலாங்கு போன்ற உடல்; முன்கால்களில் மூன்று விரல்கள், பின்கால்களில் இரண்டு. கழுத்தின் இருபுறமும் இரத்தச் சிவப்பில் இறகுபோல் விரிந்த செவுள்கள் வாழ்நாள் முழுவதும் உதிர்வதில்லை. கண்கள் தோலுக்கடியில் புதைந்துள்ளன. தோலின் வெளிறிய இளஞ்சிவப்பைப் பார்த்து ஸ்லோவேனியர்கள் இதற்கு 'மனித மீன்' என்று பெயரிட்டார்கள். வெள்ளம் பெருகும்போது இவை சில நேரம் ஊற்றுவாய்களில் வெளியே தள்ளப்படும். மலைக்குள் வாழும் நெருப்புநாகத்தின் குட்டிகள் இவை என்று மக்கள் நம்பியதை வல்வசோர் 1689இல் எழுதிவைத்தார். 1768இல்தான் இதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.

இந்த உயிர் வாழும் வேகம் நமக்குப் பழக்கமானதன்று. உணவு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சராசரி ஆயுள் 70 ஆண்டுகளை ஒட்டியது. நூறைத் தாண்டக்கூடும் என்று கணக்கிட்டுள்ளனர். பெண் ஓல்ம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை போலத்தான் முட்டையிடுகிறது. ஹெர்சகோவினாவில் நீருக்கடியில் நீந்திச்சென்று குறியிட்டுக் கண்காணித்த ஆய்வாளர்களின் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. ஓர் ஓல்ம் 2569 நாட்கள், அதாவது ஏழு ஆண்டுகள், இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. மற்றவையும் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து மீட்டர்தான் நகர்ந்தன. எதிரியும் இல்லாமல் இரையும் அரிதாகவே கிடைக்கும் இடத்தில், அசையாமல் ஆற்றலைச் சேமிப்பதே அதன் பிழைப்பு வழி. 2016 ஜனவரி இறுதியில் போஸ்டோய்னா குகையின் காட்சித்தொட்டி ஒன்றில் பெண் ஓல்ம் முட்டையிட்டிருந்ததைக் கண்டார்கள். மொத்தம் 64 முட்டைகள். தொட்டியை இருட்டாக்கி, மற்ற ஓல்ம்களை அகற்றி, அகச்சிவப்பு ஒளிப்படக் கருவி வழியாக நான்கு மாதம் காத்திருந்தார்கள். மே மாத இறுதியில் முதல் குஞ்சு வெளிவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் பொரிந்தன. அதற்கு முன் அந்தக் குகையில் ஓல்ம் குஞ்சு பொரிப்பதை இப்படி அருகிலிருந்து யாரும் பார்த்ததில்லை.

இப்போது மேலே வருவோம். நீர் உள்ளே போய்விட்டாலும், அடிக்கடி பெய்யும் மழையும் மூடுபனியும் உள்நாட்டுப் பக்கச் சரிவுகளில் பீச், ஃபிர் மரங்கள் கலந்த அடர்காட்டை வளர்த்துள்ளன. வேர்கள் பாறை விரிசல்களுக்குள் இறங்கி, அங்கே தங்கிய ஈர மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. போஸ்னியாவின் சுத்யெஸ்கா தேசியப் பூங்காவிலுள்ள பெருச்சிட்சா, கோடரி படாத ஐரோப்பியக் காடுகளில் பெரியவற்றுள் ஒன்று. அங்கே ஐம்பது மீட்டர் உயர மரங்கள் தாமாக விழுந்து, தாமாக மக்கி, அந்த மக்கிய தண்டின்மேலேயே அடுத்த தலைமுறைக் கன்றுகள் வரிசையாக முளைத்து நிற்கின்றன. டிரினா ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றி மட்டும் ஊசிக்கோபுரம்போல் ஒல்லியாக வளரும் ஸ்புரூஸ் இனம் ஒன்றை 1875இல் செர்பிய அறிஞர் யோசிப் பாஞ்சிச் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பனியூழிக்கு முன் ஐரோப்பாவில் பரந்து வளர்ந்த அந்த மரம், வடக்கே பனிப்பாளங்கள் மூடியபோது இந்தத் தென்மலைகளில் ஒதுங்கிப் பிழைத்தது. பாறை விரிசல்களில் மட்டும் வாழும் டினாரிக் மலை எலியின் கதையும் அதுவே. அதன் பேரினத்தில் இன்று உயிரோடு எஞ்சியிருப்பது அந்த ஓர் இனம்தான்.

இந்தக் காட்டின் ஆண்டுக் கணக்கை எழுதுவது பீச் கொட்டை. சில ஆண்டுகளில் மரங்கள் அனைத்தும் சேர்ந்தாற்போல் காய்த்துத் தள்ளும். சில ஆண்டுகளில் ஒன்றுமே இராது. அணிலைப் போன்ற புசுபுசு வாலுடைய டார்மவுஸ் என்னும் சிறு கொறிவிலங்கு, காய்ப்பு இல்லாத ஆண்டுகளில் குட்டி போடுவதையே தவிர்த்துவிடும். காய்த்த ஆண்டில் கொழுத்து உருண்டு, பாறைப் பொந்துகள் வழியே பூமிக்குள் இறங்கி ஏழு மாதம் வரை உறங்கும். ஸ்லோவேனியாவில் இலையுதிர்கால இரவுகளில் இதைப் பொறிவைத்துப் பிடிப்பது பழைய வழக்கம். இவை கூட்டமாக நிலத்துக்குள் மறைவதைக் கண்ட மக்கள், சாத்தானே இவற்றை மேய்த்து ஓட்டிச் செல்கிறான் என்று சொன்னார்கள்.

கரடியும் அதே பொந்துகளை நம்பித்தான் வாழ்கிறது. பீச் கொட்டையில் கொழுத்த பெண் கரடி, சுண்ணாம்புப் பாறைக் குழிவு ஒன்றில் புகுந்து, நடுக்குளிர்காலத்தில் அங்கேயே குட்டி ஈனும். ஸ்லோவேனியாவிலும் குரோவேஷியாவிலும் தலா ஏறத்தாழ ஆயிரம் பழுப்புக் கரடிகள் இன்று உள்ளன. நாடுகளின் பரப்பை நினைத்தால் இது மிகப் பெரிய எண்ணிக்கை. நம் பார்வைக்கு நீரற்ற நாடு. கரடியின் பார்வைக்கு ஆயிரக்கணக்கான ஆயத்த வீடுகள் உள்ள நாடு.

லின்க்ஸின் வரலாறு வேறுமாதிரியானது. காதுநுனியில் கருமயிர்க் குஞ்சமும் குட்டை வாலும் கொண்ட இந்தப் பெரிய காட்டுப்பூனை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த மலைகளில் வேட்டையால் அழிந்துபோயிருந்தது. 1973இல் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆறு லின்க்ஸ்களைக் கொண்டுவந்து ஸ்லோவேனியாவின் கோச்செவ்யே காட்டில் விட்டார்கள். அவை பெருகி குரோவேஷியா, போஸ்னியா வரை பரவின. ஆறே விலங்குகளின் வழித்தோன்றல்கள் தமக்குள்ளேயே இணைசேர்ந்ததால் பின்னர் நலிவு தொடங்கியது. அதனால் 2019 முதல் ருமேனியாவிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் புதிய லின்க்ஸ்களைக் கொண்டுவந்து சேர்த்துள்ளனர். லின்க்ஸ் கொன்ற மானை மோப்பம் பிடித்து வந்து கரடி பறித்துக்கொள்வது இங்கே வழக்கம். இழந்ததை ஈடுகட்ட லின்க்ஸ் மறுபடியும் வேட்டையாட வேண்டியிருக்கிறது. இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று பால்கன் லின்க்ஸ். தெற்கே முக்கியமாக வட மாசிடோனியா, அல்பேனிய மலைகளில் எஞ்சியுள்ள தனி உள்ளினம் அது. வளர்ந்தவை ஐம்பதுக்கும் குறைவே.

கடல்நோக்கிய பக்கத்தில் காட்சி முற்றிலும் மாறுகிறது. குரோவேஷியாவின் வெலெபிட் மலையைத் தாண்டிக் குளிர்காலத்தில் பாயும் போரா காற்று மணிக்கு 200 கிலோமீட்டரை மிஞ்சிய நாட்கள் உண்டு. அது கடலைக் கிழித்து உப்புத் தூவலை எதிரேயுள்ள பாக் தீவின்மேல் வீசுவதால், தீவின் அந்த ஓரம் புல்கூட இல்லாத வெண்கல்லாகக் கிடக்கிறது. அந்த வெறுமைக்கிடையிலும் வெலெபிட்டின் சரளைச் சரிவுகளில் டெகெனியா என்ற சிறு மஞ்சள் பூ பூக்கிறது. 1907இல் கண்டறியப்பட்ட அது குரோவேஷியாவுக்கு வெளியே இயற்கையில் இல்லை.

இனி, வாசகர் கவலைப்பட வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். மண் வடிகட்டும் நாட்டில் அழுக்கு மெல்ல இறங்கும். கார்ஸ்ட் நாட்டில் அது நேராக ஊற்றுக்குப் போய்விடும். குப்பையையும் செத்த கால்நடையையும் மலைக்குழிகளில் தள்ளுவது தலைமுறைகளாக இருந்த பழக்கம். தென்கிழக்கு ஸ்லோவேனியாவில் ஒரு மின்பொருள் ஆலை கொட்டிய நச்சு எண்ணெய்க் கழிவு, பல பத்தாண்டுகள் கழித்தும் நிலத்தடி நீரில் கசிகிறது. அதே வட்டாரத்தின் சில ஊற்றுகளில்தான் கண் உள்ள கருநிற ஓல்ம் வாழ்கிறது. 1986இல் கண்டறியப்பட்ட அது உலகில் வேறெங்கும் கிடையாது. போபோவோ போல்யேயில் டிரெபிஷ்னியிட்சா ஆறு நிலத்துக்குள் இறங்கிவிடாதபடி, மின்னுற்பத்திக்காக 1970களில் அதன் படுகையை 60 கிலோமீட்டருக்கும் மேல் கான்கிரீட்டால் பூசிவிட்டார்கள். ஆண்டுதோறும் வந்த வெள்ளம் நின்றது. அந்தச் சிறு மீனின் வரவும் அதோடு குறைந்துபோனது.

கடைசியாக, மேலே வாழும் விலங்குகள் நீருக்கு என்ன செய்கின்றன என்ற கேள்வி. குளிர்காலத்தில் பனி இருக்கிறது. நிழலான குழிகளில் கோடையின் நடுப்பகுதி வரைகூட அது மிஞ்சும். மற்ற நாட்களில் அவற்றுக்கு உதவுவது 'லோக்வா' எனப்படும் குட்டைகள். இவற்றைப் பெரும்பாலும் இடையர்களே உண்டாக்கினார்கள். டோலினாவின் அடியில் களிமண்ணைப் பரப்பி, மாடுகளை அதன்மேல் திரும்பத் திரும்ப நடக்கவிட்டு மிதித்து இறுக்கினால், நீர் கசியாத தளம் உருவாகும். ஆட்டுமந்தைக்காக வெட்டிய அந்தக் குட்டையில் இரவில் மானும் கரடியும் நீர் குடித்தன. தேரைகளும் நியூட்டுகளும் முட்டையிட்டன. இன்று மலையூர்கள் காலியாகிவிட்டன. காடு திரும்பி வளர்ந்ததால் கரடிக்கும் ஓநாய்க்கும் இடம் பெருகியது உண்மை. ஆனால் மிதிக்க மாடில்லாமல் குட்டைகளின் களிமண் வெடித்து, நீர் வழக்கம்போல் பாறைக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. சில ஊர்களில் ஆர்வலர்கள் கோடையில் ஒன்றுகூடி, சேற்றை வாரி, புதுக் களிமண் இட்டு, அந்தக் குட்டைகளைத் திரும்ப நிரப்பி வருகிறார்கள்.